அந்தப் பழைய என்ஜினை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்

கேள்வி: மெர்சிங்கில் எனக்குச் சொந்தமாகக் கொஞ்சம் செம்பனை நிலம் இருக்கிறது. அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். தோட்டம் கைமாறியபோது நிர்வாகத்தின் பழைய லேண்ட் ரோவர் ஒன்றை ஏலத்தில் எடுத்துக் கடைசிவரை ஓட்டினார். அவர் தவறிய பிறகு வண்டி கொட்டகையிலேயே நிற்கிறது. ரோட்டேக்ஸ் செத்துப் பல வருடமாகிறது. வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் இன்னும் அப்பா பெயர்தான். சீரீஸ் 3, 88 அங்குலம் என்கிறார்கள். உள்ளே தகட்டில் உள்ள எண் 903 என்று தொடங்குகிறது. கிராண்டில் பெட்ரோல், 2286 சிசி என்று போட்டிருக்கிறது. ஆனால் அப்பா எப்போதோ ஒரு ஜப்பான் டீசல் என்ஜினை மாட்டிவிட்டார். கழற்றிய பழைய என்ஜின் அதே கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. எல்லாவற்றையும் இரும்புக் கடைக்குப் போடு என்கிறார் அண்ணன். ஜொகூர் பாருவிலிருந்து ஒருவர் வந்தார், வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்காமல் நல்ல விலை சொன்னார். புதுப்பித்து விற்பதா, இப்படியே விற்பதா, நானே வைத்து ஓட்டுவதா? இதைக் கொடுத்துவிட்டுப் பழைய லேண்ட் குரூசர் ஒன்று வாங்கலாம் என்றும் ஆசை இருக்கிறது. — வாசகர், மெர்சிங்

பதில்: முதலில் தார்ப்பாயைத் தூக்குங்கள். கம்பி பிரஷ், ஒரு துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு அந்தப் பழைய என்ஜின் பக்கத்தில் உட்காருங்கள். பிளாக்கின் இடது பக்கம், முன் ஓரத்தில், சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்றுக் கீழே, கடைந்து சமப்படுத்திய சின்ன இடம் ஒன்று இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை வழித்து எடுத்தால் அதில் அடித்த எண் தெரியும். அதைக் கிராண்டில் உள்ள என்ஜின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றாக இல்லையே என்று பதற வேண்டாம், லேண்ட் ரோவரில் அவை வேறு வேறாகத்தான் இருக்கும். கிராண்டில் எழுதியதோடு ஒத்துப்போனால் போதும். ஒத்துப்போனால், அண்ணன் இரும்பு விலைக்குப் போடச் சொல்லும் அந்தப் பொருள்தான் உங்கள் கொட்டகையிலேயே விலைமதிப்புள்ளது.

ஏன் என்று சொல்கிறேன். இந்த நாட்டில் பழைய வண்டியின் விலை பெயிண்டில் இல்லை, கிராண்டில் இருக்கிறது. கிராண்டில் உள்ள எண்களும் வண்டியில் உள்ள எண்களும் ஒத்துப்போகிற வண்டி துருப்பிடித்துக் கிடந்தாலும் விலை போகும். ஒத்துப்போகாத வண்டியைப் புத்தம்புதிதாக மினுக்கி வைத்தாலும் அது நிலத்துக்குள் உரமூட்டை ஏற்றத்தான் ஆகும். உங்கள் வண்டி இப்போது இரண்டாவது வகை. கிராண்டில் பெட்ரோல், பானெட்டுக்குக் கீழே டீசல். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோமில் சோதனைக்கு நிறுத்தினால் பார்ப்பவர் முதலில் தேடுவது சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும்தான். அந்த இடத்திலேயே வண்டி திரும்பிவிடும்.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் தோட்டப்புறத்தில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். ரோவரின் 2.25 லிட்டர் பெட்ரோல் என்ஜின் லிட்டருக்கு 6, 7 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிய விஷயம். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த வண்டிகளை விற்கும் ஹாஃப் கட் கடையில் இசுசுவோ நிசானோ மலிவாகக் கிடைத்தது, டீசலும் மலிவு. அந்தக் கணக்கு 2024 ஜூன் 10-ஆம் தேதி மாறிப்போனது. தீபகற்பத்தில் டீசல் விலை ஒரே நாளில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அப்போது அறிவித்த புடி மடானி உதவித்தொகையில் வண்டி உரிமையாளர்களுக்கான பகுதியும் டீசல் வண்டி என்று பதிவில் இருப்பவர்களுக்குத்தான். கிராண்டில் பெட்ரோல் என்று இருக்கும்வரை இந்த வண்டியைக் காட்டி அதைக் கேட்க முடியாது.

ஆகவே வழி இரண்டு. டீசலை வைத்துக்கொள்வதென்றால் என்ஜின் மாற்றத்தைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் முறையாகப் பதிய வேண்டும். என்ஜின் எங்கே வாங்கியது, அதற்கு ரசீது உண்டா என்று கேட்பார்கள். அப்பாவின் பெட்டியில் தேடிப் பாருங்கள். அந்தக் கால ஹாஃப் கட் கடை ரசீதைப் பத்திரப்படுத்தியவர்கள் குறைவு. இரண்டாவது வழி பழைய என்ஜினைத் திரும்ப மாட்டுவது. நான் இதற்குத்தான் வாக்களிப்பேன், காகிதத்துக்காக மட்டும் அல்ல. ரோவரின் கியர் பெட்டியும் பின் அச்சும் சுமார் 70 குதிரைத்திறனுக்குச் செய்யப்பட்டவை. கனமான டீசல் என்ஜினின் முறுக்கு விசையில், சேற்றில் மாட்டிக்கொண்டு ஒரு மிதி மிதித்தால் பின்பக்க ஹாஃப் ஷாஃப்ட் ஒடிவது இந்த வண்டியின் பழைய வியாதி.

கிடந்த என்ஜின் இறுகிப்போயிருக்கும். சுத்தியலை எடுக்காதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் கியர் எண்ணெயும் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றும் இடத்தில் மெதுவாக, இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். அசைந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அசையாவிட்டாலும் பாதகமில்லை. பிளாக் விரிசல் விடாமல் இருந்தால் போதும், போர் செய்து புதுப் பிஸ்டன் போடலாம். எண் இருப்பது பிளாக்கில்தானே, மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம்.

இனி சேசிஸ். தகட்டில் 903 என்று எழுதியிருக்கிறீர்கள். சீரீஸ் 3 லேண்ட் ரோவர் 1971 முதல் 1985 வரை வந்தது. அதில் 901 என்று தொடங்குவது பிரிட்டனிலேயே விற்ற 88 அங்குலப் பெட்ரோல் வண்டி, 902 வலப்பக்க ஸ்டியரிங்கோடு வெளிநாட்டுக்கு முழு வண்டியாக வந்தது, 903 பாகம் பாகமாகப் பெட்டியில் வந்து வெளிநாட்டில் பூட்டப்பட்டது. உங்களுடையது பெட்டியில் வந்த வண்டி. அதனால் மதிப்புக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் தகட்டை நம்பி நின்றுவிடக் கூடாது. இரண்டு ஆணியில் நிற்கும் தகட்டை யார் வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். உண்மையான எண் சேசிஸிலேயே அடிக்கப்பட்டிருக்கும். முன் வலது சக்கரத்துக்கு முன்னால், ஸ்பிரிங் பட்டை மாட்டும் கொம்பின் வெளிப்பக்கத்தில் தேடுங்கள்.

இங்கேதான் மெர்சிங்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கொம்பு சேறும் உப்பும் சேரும் இடம், துரு முதலில் தின்கிற இடங்களில் அதுவும் ஒன்று. வெல்டிங் பட்டறைக்காரர் நல்லெண்ணத்தோடு கிரைண்டரை வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பளிச்சென்று ஆக்கிவிடுவார். துருவோடு எண்ணும் போய்விடும். போன எண்ணை நீங்களாக மறுபடி அடித்தால் அது பழுதுபார்ப்பு இல்லை, குற்றம். ஆகவே வண்டி பட்டறைக்குப் போகும் முன்பே, கையாலேயே பிரஷ் போட்டுத் துடைத்து, மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணைப் பதிவெடுங்கள். படமும் எடுங்கள். பிறகு அந்த இடத்தில் கிரீஸ் பூசி, மேலே டேப் சுற்றி, "தொடாதே" என்று மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை.

மற்றபடி சேசிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணிபோல் பேசும், உளுத்த இரும்பு மொத்தென்று சொல்லும். பின் குறுக்குச் சட்டம், பாடியைத் தாங்கும் பக்கக் கைகள், பெட்ரோல் தொட்டிக்கு மேல்பக்கம், ஸ்பிரிங் தொங்கும் காதுகள் இவைதான் போகும். இந்தச் சேசிஸ் தகடுகளை வெல்டு செய்து பெட்டிபோல் ஆக்கியது, உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி குறைவு, உள்ளேயிருந்தே அரிக்கும். வெளியே கறுப்புச் சாயம் பளபளத்தால் சந்தேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். பக்கக் கைகளும் பின் சட்டமும் மட்டும் போயிருந்தால் வெட்டி எடுத்துப் புதிதாகப் பூட்டலாம், பாகமாகவே கிடைக்கிறது. நீளச் சட்டமே போயிருந்தால் துத்தநாகத்தில் முக்கியெடுத்த முழுச் சேசிஸ் இங்கிலாந்திலிருந்து வாங்கலாம். ஆனால் எண் பிரச்சினையால் ஜேபிஜேயிடம் எழுத்தில் கேட்டு அனுமதி வாங்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

பாடி அலுமினியம், அது துருப்பிடிக்காது என்று பெருமையாகச் சொல்வார்கள். பாதி உண்மை. 1948-இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது போர் முடிந்த பிரிட்டனில் இரும்புத் தகட்டுக்கு ரேஷன், அலுமினியம் மிஞ்சிக் கிடந்தது, அதனால் வந்த ஏற்பாடு அது. ஆனால் அலுமினியம் இரும்பைத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் வெள்ளைப் பொடியாக உதிரும். கதவின் அடி ஓரம், இருக்கைப் பெட்டி, பின் தொட்டியின் விளிம்பு, இங்கெல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். தியோமான் படகுத்துறைப் பக்கம் படகை இழுத்துக் கடலுக்குள் பின்சக்கரம் நனைய நிறுத்துகிற பழக்கம் அப்பாவுக்கு இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்திருந்தால் பிரேக் டிரம்மும் பின் அச்சும் முதலில் பிரிக்கப்பட வேண்டியவை. டிஃபரன்ஷியல் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் தெரியும், தே தாரிக் நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும் இரும்புச் சுவர், அதாவது என்ஜினுக்கும் உங்கள் காலுக்கும் நடுவே இருப்பது, அதன் கால்வைக்கும் குழியில் ரப்பர் பாயைத் தூக்கினால் தரை தெரியக்கூடும். பலருக்குத் தெரிந்திருக்கிறது.

நின்றுபோன வண்டியை ஓட்டிப் பார்க்கத் துடிப்பீர்கள். பிரேக் முழுவதையும் மாற்றும்வரை கொட்டகையை விட்டு நகர்த்தாதீர்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், சக்கரச் சிலிண்டர் எல்லாம் இறுகியிருக்கும், ரப்பர் குழாய் உள்ளுக்குள்ளேயே வீங்கி அடைத்திருக்கும். இதில் சிக்கனம் வேண்டாம்.

பெயிண்ட் கடைசி. அலுமினியத்தில் சாதாரணப் பிரைமர் ஒட்டாது, ஒரு மழைக்காலம் தாங்காமல் தோலுரியும். அலுமினியத்துக்கென்று உள்ள எட்ச் பிரைமர் போடச் சொல்லுங்கள். பின் தொட்டியின் மேல் விளிம்பில் சாம்பல் நிறமாக இருக்கும் பட்டைகள் துத்தநாகத்தில் முக்கியெடுத்தவை, கம்பெனியில் அதற்குச் சாயம் அடிக்கவில்லை, நீங்களும் அடிக்காதீர்கள். நெளிவுகளைப் புட்டி போட்டு நிரப்புகிறவரை விட்டு விலகி நில்லுங்கள். தோட்ட வண்டிக்கு நெளிவு இருப்பது இயல்பு. வாங்க வருகிறவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் புட்டிக்குக் கீழே என்ன மறைகிறது என்றுதான் யோசிப்பார். உங்கள் பகுதியில் பத்தாயிரக்கணக்கான வெள்ளியைப் பெயிண்டிலும் குரோம் பம்பரிலும் பெரிய டயரிலும் கொட்டிவிட்டு, அதைத் திரும்ப எடுக்க முடியாமல் புலம்புகிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இப்போது அண்ணன் விஷயம். அவரால் வண்டியை இரும்புக் கடைக்குப் போடவும் முடியாது, உங்களால் தனியாக விற்கவும் முடியாது. கிராண்டில் பெயர் உள்ளவர் தவறிவிட்டால் வண்டி அவருடைய சொத்தில் சேரும். உயில் இல்லாத இந்துக் குடும்பத்துக்கு 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் பொருந்தும். அப்பாவின் பெற்றோர் உயிரோடு இல்லை என்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. அப்பா பெயரில் வீடோ நிலமோ இருந்து அதற்கு நிலப் பணிமனையில் சிறு சொத்து மனு போட வேண்டியிருந்தால், அந்தப் பட்டியலிலேயே வண்டியையும் சேர்த்துவிடுங்கள். அசையும் சொத்து மட்டும்தான் என்றால் பொது அறங்காவலர் நிறுவனமான அமானா ராயா வழியாகப் போகலாம். அங்கே கிடைக்கும் அதிகாரக் கடிதத்தோடுதான் ஜேபிஜே உங்கள் பெயருக்கு மாற்றும். அம்மாவும் அண்ணனும் மற்றவர்களும் யார் பெயரில் வைப்பது என்று முன்னாலேயே பேசி எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வண்டியை நீங்கள் செலவு செய்து எழுப்பிய பிறகு பங்குப் பேச்சு வந்தால் கசப்புத்தான் மிஞ்சும். செத்த ரோட்டேக்ஸ் பற்றியும் அதே கையோடு ஜேபிஜே முகப்பில் கிராண்டைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். நீண்ட நாள் புதுப்பிக்காத வண்டி என்றால் சோதனை கேட்பார்கள், அதற்கு வண்டி எந்த நிலையில் போக வேண்டும் என்று தெரிந்துகொண்டு வேலையைத் திட்டமிடலாம்.

ஜொகூர் பாருவிலிருந்து வந்தவர் வண்டிக்குக் கீழே குனியவில்லை என்கிறீர்களே, அவர் நம்பர் பிளேட்டைப் பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் நம்பர் இல்லை. ஜொகூரில் அந்தக் காலத்து வண்டிகளில் சின்ன எண்ணும் வரிசையான எண்ணும் கிடைத்திருக்க வாய்ப்புண்டு. அந்த நம்பரைத் தன் புது வண்டிக்கு மாற்றிக்கொண்டு, லேண்ட் ரோவரை வெட்டிப் பாகமாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படி தப்பில்லை. ஆனால் நம்பருக்கு ஒரு விலை, வண்டிக்கு ஒரு விலை, இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

லேண்ட் குரூசர் ஆசை நியாயமானது. 40 வரிசை வண்டி 1960-இலிருந்து 1984 வரை வந்தது, என்ஜின் விஷயத்தில் ரோவரைவிட நம்பகமானது, 1974-இல் வந்த 3 லிட்டர் டீசல் பிஜே40 இன்றும் முனகாமல் ஓடும். ஆனால் பாடி முழுக்க இரும்பு. மெர்சிங் காற்றில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை அடித்துத் துவைக்கும்போது, அதன் தரையும் பின் சக்கர வளைவும் தாளாக ஆகிவிடும். இப்போது கேட்கிற விலையும் நியாயத்தைத் தாண்டிப் போய்விட்டது. காகிதத்தைச் சரிசெய்ய வழியுள்ள, உங்கள் வீட்டிலேயே வரலாறு தெரிந்த ஒரு ரோவரைக் கொடுத்துவிட்டு, யாரோ புட்டி போட்டு மறைத்த குரூசரை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரோவருக்குப் பாகம் வேண்டி இன்னொரு வண்டி வாங்க நேர்ந்தால், ராணுவம் கழித்த லேண்ட் ரோவர்களை ஏலத்தில் எடுத்தவர்கள் விற்பார்கள், மலிவாகவும் இருக்கும். அதைப் பாகத்துக்காக மட்டும் வாங்குங்கள். ராணுவத்தின் இசட் எண்ணில் ஓடிய வண்டியைக் கிராண்ட் இல்லாமல் ரோட்டில் இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

நீங்களே வைத்து ஓட்டுவதென்றால் எதற்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள். கோத்தா திங்கிப் பாதையில் 80-க்கு மேல் போனால் இந்த வண்டி பேச்சுக் கேட்காது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேச்சும் காதில் விழாது. ஆனால் செம்பனைக்குள்ளே அதற்கு நிகர் குறைவு. கஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் பூங்காவின் கம்போங் பேத்தாவுக்குப் போகும் 56 கிலோமீட்டர் மண்பாதையில், மழைக்கு அடுத்த நாள், மஞ்சள் குமிழைக் கீழே அழுத்தி நான்கு சக்கரத்துக்கு மாற்றி, சறுக்கும் ஏற்றத்தில் வண்டியை நிறுத்திச் சிவப்பு நெம்புகோலைப் பின்னால் இழுத்து லோ கியரில் விட்டுப் பாருங்கள். அப்பா ஏன் விற்கவில்லை என்று கேட்க மாட்டீர்கள்.

விற்பதுதான் முடிவென்றால், புதுப்பித்து விற்காதீர்கள். பெயரை மாற்றி, என்ஜின் எண்ணைச் சரிசெய்து, பிரேக்கைப் போட்டு, சோதனையில் தேறி, ரோட்டேக்ஸ் எடுத்து, உருளுகிற வண்டியாக விற்றுவிடுங்கள். சேசிஸைத் தட்டிப் பார்த்த இடங்களின் படத்தையும் மறைக்காமல் காட்டுங்கள். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு வெள்ளியும் அடுத்தவர் ரசனைக்கான செலவு, அதை அவரே செய்யட்டும். பணம் கைக்கு வந்தாலும் ஜேபிஜே பதிவில் பெயர் மாறியதைப் பார்க்கும்வரை கிராண்டும் சாவியும் உங்களிடமே இருக்கட்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். பெயர் மாறாமல் போன வண்டி எங்கே நின்றாலும் சம்மன் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.